காசு காசாய்ச் சேர்த்துக் கட்டிய கல்லூரி: கடலோர அபெரிஸ்ட்வித்தின் கதை

லண்டனில் ரயில் ஏறி, பர்மிங்ஹாமில் இறங்கி வேறு ரயில் பிடித்து, மலைகளையும் ஆட்டு மந்தைகளையும் வேடிக்கை பார்த்தபடி 3 மணி நேரம் மேற்கே போனால் ஓரிடத்தில் தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் போக வழியில்லை. எதிரே கடல்.

அந்த ஊரின் பெயர் அபெரிஸ்ட்வித். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கெரெடிகியன் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை 15 ஆயிரத்தைத் தொடாது. ஊர்க்காரர்கள் செல்லமாக 'அபெர்' என்பார்கள்.

இந்தச் சின்ன ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் தேசிய நூலகம் இருக்கிறது. வேல்ஸின் தலைநகர் கார்டிஃப். அபெரிலிருந்து அங்கே ரயிலில் போக வேண்டுமென்றால் நேர்வழி கிடையாது. கிழக்கே இங்கிலாந்துக்குள் நுழைந்து, ஷ்ரூஸ்பரி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் சொந்த நாட்டின் தலைநகருக்குப் போக முடியும். தெற்கே கார்மார்த்தனுக்குப் போன ரயில் பாதை 1965-லேயே மூடப்பட்டுவிட்டது.

இப்படி ஒரு மூலையில் இருக்கும் ஊருக்குப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது? எந்த ராஜாவும் தானம் கொடுக்கவில்லை. எந்த அரசும் தானாக முன்வந்து கட்டித் தரவில்லை. திவாலான ஒரு ஹோட்டல்காரரும், ஞாயிற்றுக்கிழமை உண்டியலில் பென்னிக் காசு போட்ட ஏழை ஜனங்களும் சேர்ந்து செய்த காரியம் அது.

இரண்டு ஆறு, ஒரு கோட்டை

வெல்ஷ் மொழியில் 'அபெர்' என்றால் ஆற்றின் முகத்துவாரம். இஸ்ட்வித் ஆறு கடலில் கலக்கும் இடம் என்பதால் அபெரிஸ்ட்வித். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய ஊரை ஒட்டி ஓடுவது ரைடோல் என்ற இன்னொரு ஆறு. 12-ம் நூற்றாண்டில் நார்மன்கள் முதலில் கோட்டை கட்டியது கொஞ்சம் தெற்கே, இஸ்ட்வித் ஆற்றங்கரையில். பிற்பாடு புதுக்கோட்டை வடக்கே நகர்ந்தது. பெயர் மட்டும் பழைய ஆற்றின் பெயராகவே தங்கிவிட்டது. இரண்டு ஆறுகளும் இப்போது துறைமுகத்தில் ஒன்றாகக் கடலைத் தொடுகின்றன.

கடலை ஒட்டிய மேட்டில் இடிந்து கிடக்கிறதே, அதுதான் அந்தப் புதுக்கோட்டை. 1277-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், வேல்ஸை அடக்கி வைப்பதற்காக இதைக் கட்டத் தொடங்கினார். 1289-ல் வேலை முடிந்தது. கோட்டைக்குள்ளும் அதன் மதிலுக்குள் அமைந்த ஊருக்குள்ளும் ஆங்கிலேயர்களைக் குடியேற்றுவதுதான் திட்டம். வெல்ஷ்காரர்களுக்கு எதிராகப் பிறந்த ஊர் இது. பின்னாளில் வெல்ஷ் மொழியின் தலைநகர் போலவே மாறியது.

1404-ல் வேல்ஸின் மாவீரர் ஓவைன் க்ளிண்டூர் இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். நான்கு ஆண்டுகள் அது அவர் கையில் இருந்தது. 1408-ல் ஆங்கிலேயர்கள் திரும்பப் பிடித்தார்கள். முற்றுகையை நடத்தியவர் இளவரசர் ஹாரி. பிற்காலத்தில் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடியவர் அவரேதான்.

1630-களின் கடைசியில் கோட்டைக்கு வேறொரு வேலை வந்தது. சுற்றியிருந்த மலைகளில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. அந்த வெள்ளியைக் கொண்டு கோட்டைக்குள்ளேயே நாணயம் அச்சடித்தார்கள். வேல்ஸ் வெள்ளி என்பதற்கு அடையாளமாக அந்தக் காசுகளில் மூன்று இறகுகள் பொறிக்கப்பட்டன. உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பு தோற்றதும், 1649-ல் குரோம்வெல்லின் நாடாளுமன்றப் படை கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தது. இன்று அந்த இடிபாடுகளுக்கு நடுவே குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

கோட்டைக்கு முன்பே இருந்த கல்வி

கடற்கரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது லான்படார்ன். ஊரைவிடப் பழையது இந்தக் கிராமம். 6-ம் நூற்றாண்டில் புனித படார்ன் என்ற துறவி இங்கே ஒரு மடத்தை நிறுவினார். 11-ம் நூற்றாண்டில் சுலியென் என்ற அறிஞரும் அவருடைய மகன்களும் இங்கே ஏடுகள் எழுதினார்கள். வேல்ஸின் காவல் துறவியான டேவிட்டின் வரலாற்றை லத்தீனில் எழுதியவர், சுலியெனின் மகன் ரிகிவார்க்.

வெல்ஷ் இலக்கியத்தில் தலைசிறந்தவராகக் கொண்டாடப்படும் 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் டேவிட் ஆப் க்விலிம் பிறந்ததும் இந்தப் பக்கம்தான். லான்படார்ன் தேவாலயத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப் பெண்களை ஓரக்கண்ணால் பார்த்ததையும், அவர்கள் கேலி செய்ததையும் தன்னையே கிண்டலடித்துக் கவிதையாக்கியவர் அவர். 1572-ல் இதே தேவாலயத்துக்குப் பங்குத்தந்தையாக வந்தார் வில்லியம் மோர்கன். முழு பைபிளையும் வெல்ஷில் மொழிபெயர்த்து 1588-ல் வெளியிட்டவர் அவர்தான். வெல்ஷ் மொழி அழியாமல் நின்றதற்கு அந்த ஒரு புத்தகமே பெரிய காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வார்கள். வாரா வாரம் சாதாரண மக்கள் காதில் தங்கள் மொழி நல்ல நடையில் விழுந்துகொண்டே இருந்ததல்லவா!

நீல அட்டை போட்ட அவமானம்

இனி பல்கலைக்கழகக் கதைக்கு வருவோம். அது ஓர் அவமானத்தில் தொடங்குகிறது.

1846-ல் பிரிட்டிஷ் அரசு, வேல்ஸில் கல்வி எப்படி இருக்கிறது என்று பார்க்க மூன்று ஆணையர்களை அனுப்பியது. மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களில் பெரும்பாலோருக்கோ ஆங்கிலம் தெரியாது. ஆணையர்கள் திரும்பிப்போய்த் தந்த அறிக்கை, இந்த ஜனங்கள் கல்வியில்லாதவர்கள், ஒழுக்கமில்லாதவர்கள், இவர்கள் முன்னேற்றத்துக்கு இவர்களின் மொழியே தடை என்கிற தோரணையில் இருந்தது. அதன் அட்டை நீல நிறம். வேல்ஸ் மக்கள் அதற்கு வைத்த பெயர், 'நீலப் புத்தகத் துரோகம்'.

பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்த காலம் அது. அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். பொழுது முடியும்போது யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு அடி.

இந்த அவமானத்துக்குப் பதில், நம் பிள்ளைகள் படிக்க நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் என்று சிலர் நினைத்தார்கள். லாம்பீட்டர் என்ற சிற்றூரில் 1827 முதல் ஒரு கல்லூரி இயங்கிவந்தது உண்மை. ஆனால் அது ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார்களை உருவாக்கத் தொடங்கப்பட்டது. வேல்ஸின் உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் அந்தத் திருச்சபையில் சேராமல், 'சேப்பல்' எனப்படும் தங்கள் சொந்தப் பிரார்த்தனைக் கூடங்களுக்குப் போனவர்கள்.

முயற்சிக்கு முதுகெலும்பாக இருந்தவர் ஹியூ ஓவன். ஆங்கல்சி தீவில் பிறந்து, லண்டனில் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக உயர்ந்தவர். 1854-லேயே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பணம்தான் வரவில்லை.

திவாலான ஹோட்டல்

அந்த நேரத்தில்தான் ரயில் வந்தது. 1864-ல் அபெரிஸ்ட்வித்துக்குத் தண்டவாளம் போட்ட ஒப்பந்ததாரர்களில் ஒருவர் தாமஸ் சேவின். கெட்டிக்காரர், அகலக்கால் வைப்பவரும்கூட. லண்டனில் ரயில் டிக்கெட் எடுப்பவருக்குக் கடற்கரை ஹோட்டலில் தங்குமிடம் இலவசம் என்பது அவருடைய யோசனை. இன்று நாம் 'பேக்கேஜ் டூர்' என்கிறோமே, அதற்குத் தாத்தா!

கோட்டைக்குப் பக்கத்தில், கடல் அலை தெறிக்கும் தூரத்தில், கோபுரங்களும் கூர்மாடங்களும் வளைந்த முகப்புமாகப் பிரம்மாண்டமான ஹோட்டலை எழுப்பத் தொடங்கினார் சேவின். கட்டடக் கலைஞர் ஜே.பி.செடன். வேலை முழுதாக முடியும் முன்பே 80,000 பவுண்டு விழுங்கிவிட்டது. 1866-ல் லண்டன் நிதிச் சந்தை சரிந்தபோது சேவினும் திவாலானார். பாதியில் நின்ற மாளிகையை வாங்க ஆள் இல்லை.

ஹியூ ஓவனின் குழு 1867-ல் அதை 10,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு வாங்கவில்லை. வாங்கிவிட்டுத்தான் திரட்டினார்கள்.

உண்டியலில் விழுந்த பென்னி

1872 அக்டோபர் மாதம் கல்லூரி திறந்தது. முதல் நாள் மாணவர்கள் 26 பேர். முதல்வர் தாமஸ் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ் ஒரு போதகர். அரசிடமிருந்து ஒரு பைசா மானியம் இல்லை. பட்டம் கொடுக்கும் உரிமையும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத் தேர்வைத்தான் மாணவர்கள் எழுத வேண்டும்.

ஹியூ ஓவன் அதே ஆண்டில் அரசு வேலையை விட்டார். வயது 68. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் வேல்ஸ் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கல்லூரிக்குப் பணம் கேட்டார். பணக்காரர்கள் சிலர் கொடுத்தார்கள். லாண்டினம் ஊரைச் சேர்ந்த டேவிட் டேவிஸ் அவர்களில் முக்கியமானவர். மரம் அறுக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, ரயில் பாதையும் நிலக்கரியும் கொண்டு கோடீஸ்வரர் ஆனவர் அவர்.

ஆனால் சில பணக்காரர்களை நம்பி ஒரு கல்லூரியைத் தினசரி நடத்த முடியாது. எனவே வழக்கமாகப் பணம் கொடுக்காதவர்களிடம் போனார்கள். 1875 அக்டோபரின் கடைசி ஞாயிறு, 'பல்கலைக்கழக ஞாயிறு' என்று அறிவிக்கப்பட்டது. வேல்ஸ் எங்கும் சேப்பல்களில் பிரார்த்தனை முடிந்ததும் கல்லூரிக்காக உண்டியல் சுற்றிவந்தது. கல்குவாரியில் பலகைக்கல் உடைப்பவர்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், பண்ணைக் கூலிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் ஆளுக்குச் சில பென்னிகள் போட்டார்கள். அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. காசு போட்டவர்களில் பலரின் பிள்ளைகள் அந்தக் கல்லூரி வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் போட்டார்கள். அந்த ஞாயிற்று வசூல் பின்னர் ஆண்டுதோறும் தொடர்ந்தது.

வேல்ஸ் மக்கள் இன்றும் அதைப் 'பென்னிகளின் பல்கலைக்கழகம்' என்று சொல்வது இதனால்தான்.

மூடப் பார்த்தார்கள், எரிந்தது, நின்றது

அத்தோடு கஷ்டம் தீரவில்லை. 1881-ல் அரசு நியமித்த குழு, வேல்ஸுக்கு இரண்டு கல்லூரிகள் போதும், தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று பரிந்துரைத்தது. 1883-ல் கார்டிஃப், 1884-ல் பாங்கர் எனப் புதிய கல்லூரிகள் வந்தன. நடுவில் இருந்த அபெரிஸ்ட்வித் வேண்டாத பிள்ளை ஆனது. கிடைத்த மானியமும் கைநழுவும் நிலை. ஊர் மக்களும் பழைய மாணவர்களும் வெல்ஷ் எம்.பி.க்களும் விடவில்லை. எங்கள் காசில் நின்ற கல்லூரியை மூட நீங்கள் யார் என்கிற கேள்விக்கு லண்டனில் பதில் இல்லை. மற்ற இரண்டுக்கும் தரும் மானியம் இதற்கும் கிடைத்தது.

1885 கோடையில் அடுத்த அடி. கல்லூரிக் கட்டடத்தில் பெரும் தீ. ஒரு பகுதி சாம்பலானது. மீண்டும் உண்டியல். மீண்டும் கட்டினார்கள். 1893-ல் மூன்று கல்லூரிகளும் இணைந்து வேல்ஸ் பல்கலைக்கழகம் ஆனது. சொந்தப் பட்டம் கிடைத்தது.

பெண்களும் இங்கே சீக்கிரமே வந்தார்கள். 1896-ல் கடற்கரையின் வடகோடியில் மாணவிகளுக்கென்றே அலெக்சாண்ட்ரா ஹால் என்ற பெரிய விடுதி திறக்கப்பட்டது.

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், இன்னொரு முதலிடம். போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக, மரத்தொழிலாளி டேவிட் டேவிஸின் பேரனும் பேத்திகளும் பணம் கொடுக்க, 'சர்வதேச அரசியல்' என்ற பாடத்துக்கு உலகிலேயே முதல் துறை தொடங்கப்பட்டது. நாடுகள் ஏன் சண்டையிடுகின்றன, சண்டையில்லாமல் இருக்க என்ன வழி என்பதைப் படிக்கும் படிப்பு. இன்று உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் அந்தப் பாடத்துக்குத் தாய்வீடு இந்தக் கடலோர ஊர்.

மலை மேல் ஒரு நூலகம்

ஊருக்குப் பின்னால் பெங்லைஸ் மலைச்சரிவில், கடலைப் பார்த்தபடி வெள்ளை வெளேர் என்று நிற்கிறது வேல்ஸ் தேசிய நூலகம். இதையும் கார்டிஃப் நகரம் கேட்டது. போட்டியில் அபெரிஸ்ட்வித் ஜெயித்ததற்கு ஒரு மருத்துவர் காரணம். விக்டோரியா மகாராணிக்கு வைத்தியம் பார்த்த சர் ஜான் வில்லியம்ஸ், வாழ்நாள் முழுக்கப் பழைய வெல்ஷ் சுவடிகளைத் தேடித் தேடி வாங்கியவர். நூலகம் அபெரிஸ்ட்வித்தில் அமைந்தால் எல்லாவற்றையும் தருகிறேன் என்றார். 1907-ல் அரசு சாசனம் கிடைத்தது. நூலகம் அபெருக்கு, அருங்காட்சியகம் கார்டிஃபுக்கு என்று பங்கு பிரிந்தது. இந்தக் கட்டடத்துக்கும் சுரங்கத் தொழிலாளர்களும் கல்குவாரித் தொழிலாளர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

வெல்ஷில் எழுதப்பட்ட மிகப் பழைய ஏடுகளில் ஒன்றான, 13-ம் நூற்றாண்டின் 'கார்மார்த்தன் கறுப்புப் புத்தகம்' இங்கே பத்திரமாக இருக்கிறது. ஆங்கில இலக்கியத்தின் மூத்த கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகளில் ஒன்றும் இங்கேதான். பிரிட்டனில் வெளியாகும் எந்தப் புத்தகத்தின் பிரதியையும் கேட்டுப் பெறும் சட்ட உரிமை இந்த நூலகத்துக்கு 1911-லிருந்து உண்டு. இன்று 60 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குப் பயந்து, நூலகத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு சுரங்கம் அமைத்தார்கள். ஈரமும் வெப்பமும் ஏடுகளைக் கெடுக்காதபடி அதற்குள் காற்றோட்டத்துக்கு ஏற்பாடு. லண்டனின் அரிய சுவடிகளும் லியனார்டோ டாவின்சியின் ஓவியங்களும் போர் முடியும்வரை இந்த ஊரின் பாதுகாப்பில் இருந்தன. வேல்ஸ் மக்களைப் படிப்பில்லாதவர்கள் என்று எழுதிய அறிக்கை வெளிவந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை அப்போது!

ஏழு பிள்ளைகளும் ஒரு பாலமும்

பல்கலைக்கழகமும் நூலகமும் வந்தும், ஒன்று மட்டும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மொழி. 1901 கணக்கெடுப்பில் வேல்ஸில் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 1961-ல் நான்கில் ஒருவர்தான். படிப்பு, வேலை, நீதிமன்றம், தபால் எல்லாமே ஆங்கிலத்தில்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் லிவர்பூல் போன்ற நகரங்களிலிருந்து ஏராளமான ஆங்கிலக் குழந்தைகள் பாதுகாப்புக்காக வேல்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளூர் வகுப்புகளில் ஆங்கிலம் நிரம்பிவிடும் என்று கவலைப்பட்டார் அபெரிஸ்ட்வித்தில் வாழ்ந்த ஈவான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ். வெல்ஷ் இளைஞர் இயக்கத்தை 1922-ல் தொடங்கியவர் இவர். அந்த மாதமே வெல்ஷ் வழியில் பாடம் நடத்தும் ஒரு தொடக்கப் பள்ளியைத் திறந்தார். ஆசிரியை நோரா ஐசக். பிள்ளைகள் ஏழே பேர். வேல்ஸின் முதல் வெல்ஷ் வழிப் பள்ளி அதுதான்.

அடுத்த திருப்பம் 1962-ல். இப்படியே போனால் வெல்ஷ் செத்துவிடும் என்று எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் பேசினார். அது இளைஞர்களை உலுக்கியது. வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. அந்தச் சமயத்தில் அபெரிஸ்ட்வித்தில் ஓர் இளைஞரைச் சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிச் சென்றதாகப் போலீஸ் பிடித்தது. சம்மன் ஆங்கிலத்தில் வந்தது. வெல்ஷில் கொடுங்கள் என்றார். கொடுக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போக மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார்.

1963 பிப்ரவரி 2. கடுமையான பனிக்காலம். மாணவர்கள் அபெரிஸ்ட்வித் தபால் நிலையச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். கைது செய்தால் வெல்ஷில் சம்மன் கேட்கலாம் என்பது திட்டம். போலீஸ் கண்டுகொள்ளவே இல்லை! உடனே ஊரின் தெற்கு வாசலான ட்ரெவெஹன் பாலத்துக்குப் போய், பனியில் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம்போலப் போக்குவரத்து நின்றது. அன்றும் யாரும் சம்மன் கொடுக்கவில்லை. ஆனால் பத்திரிகைகளில் படம் வந்தது. அந்த அரை மணி நேரத்திலிருந்துதான் பெரிய போராட்டமே கிளம்பியது. ஆங்கிலம் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளில் பச்சை வண்ணம் பூசினார்கள். பலர் சிறை சென்றார்கள். 1967, 1993 ஆண்டுகளில் மொழிச் சட்டங்களும், 1982-ல் வெல்ஷ் தொலைக்காட்சியும் வந்தன. 2011-ல் வெல்ஷ் அதிகாரபூர்வ மொழி ஆனது.

இதற்கு நடுவே ஒரு சுவாரஸ்யம். 1969-ல் இளவரசர் சார்ல்ஸ் 'வேல்ஸ் இளவரசர்' பட்டம் சூடுவதற்கு முன் வெல்ஷ் கற்றுக்கொள்ள ஒரு பருவம் இங்கே மாணவராகத் தங்கினார். அவருக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர், வேல்ஸ் தன்னாட்சி கேட்கும் கட்சியைச் சேர்ந்தவர்! சார்ல்ஸ் தங்கிய பான்ட்டிகெலின் விடுதி, 1974-லிருந்து வெல்ஷ் பேசும் மாணவர்களின் விடுதியானது. 2015-ல் பல்கலைக்கழகம் அதை மூட முடிவெடுத்தபோது மாணவர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். சீரமைத்துத் திறப்போம் என்று உறுதி தரப்பட்டது. 2020-ல் திறந்தார்கள்.

ஊரைச் சுற்றிப் பார்க்கலாமா?

அபெரின் அழகே கடற்கரைச் சாலைதான். துறைமுகத்திலிருந்து வடக்கே நடந்தால் முதலில் கோட்டை, அடுத்து பழைய கல்லூரிக் கட்டடம். அதன் சுவரில், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸுக்கு ரயில் இன்ஜினையும் கப்பலையும் காணிக்கை கொடுப்பது போன்ற மொசைக் ஓவியத்தைக் காணத் தவறாதீர்கள். சேவினின் ஹோட்டலான அந்தக் கட்டடம் பொதுமக்களுக்காகப் பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டுவருகிறது.

சற்று தள்ளி 1865-ல் கட்டிய கடற்பாலம். புயல்கள் கடித்துக் கடித்து இப்போது பாதிதான் மிச்சம். இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் முடியும்வரை, பொழுது சாயும் நேரத்தில் இங்கே நில்லுங்கள். பல்லாயிரம் ஸ்டார்லிங் பறவைகள் கூட்டமாக வந்து, வானத்தில் புகைபோல் சுருண்டு விரிந்து, சட்டென்று பாலத்துக்கு அடியில் அடையும். கட்டணமில்லாத காட்சி.

சாலையின் வடகோடியில் ஓர் இரும்புக் கம்பி வேலி. அதுவரை நடப்பவர்கள் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அங்கிருந்து குன்றின் மேல் ஏற 1896-ல் அமைத்த சாய்வு ரயில் இருக்கிறது. மேலே போனால் வளைகுடா முழுதும் கண்ணில் விழும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ரைடோல் பள்ளத்தாக்கு நீராவி ரயிலில் போகலாம். 1902-ல் தொடங்கிய குறுகிய பாதை. சுமார் 19 கிலோமீட்டர் மலையேறி 'சாத்தான் பாலம்' என்ற இடத்துக்குப் போகும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று காலத்துப் பாலங்கள் அங்கே நிற்கின்றன. மாடு அக்கரையில் மாட்டிக்கொண்ட ஒரு கிழவிக்கு, முதலில் கடக்கும் உயிர் தனக்கு என்ற நிபந்தனையோடு சாத்தான் பாலம் கட்டிக் கொடுத்தானாம். கிழவி ஒரு ரொட்டித் துண்டை வீசி எறிந்தாள். அவள் நாய் அதைப் பிடிக்க ஓடியது. ஏமாந்த சாத்தான் அந்தப் பக்கமே வரவில்லையாம்!

குளிர் தாங்காதவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது. எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு கட்டாயம். சாலையில் 'அராவ்' என்று எழுதியிருந்தால் 'மெதுவாக' என்று பொருள்.

அடுத்த நூறு ஆண்டு?

பார்க்க அழகான ஊர். கவலை இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. 2014 ஜனவரியில் கடல் பொங்கி நடைபாதையைப் பெயர்த்தெறிந்தது. கரையோர விடுதிகளிலிருந்து மாணவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. கெரெடிகியன் மாவட்டத்தில் வெல்ஷ் பேசுவோர் 2011-ல் 47.3 சதவிகிதம், 2021-ல் 45.3. வேல்ஸ் முழுக்கப் பார்த்தால் 17.8 சதவிகிதம்தான். 2050-க்குள் 10 லட்சம் பேரை வெல்ஷ் பேச வைப்பதாக வேல்ஸ் அரசு சொல்லியிருக்கிறது. இன்றைய கணக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே மாவட்டத்தில் இருக்கும் லாம்பீட்டரைப் பார்த்தால் அச்சம் புரியும். அபெரைவிட 45 ஆண்டு மூத்த கல்லூரி ஊர் அது. மாணவர் எண்ணிக்கை தேய்ந்து, 2025-ல் அங்கிருந்த பட்ட வகுப்புகள் கார்மார்த்தனுக்கு மாற்றப்பட்டன. மாணவர்களை நம்பியிருந்த கடைகளும் வாடகை வீடுகளும் இனி என்ன செய்வது என்று அந்த ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. சின்ன ஊருக்குப் பல்கலைக்கழகம் வருவது எவ்வளவு பெரிய வரமோ, போனால் அவ்வளவு பெரிய இழப்பு.

அபெரிஸ்ட்வித் இதுவரை தப்பியதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் கேட்க ஆள் இருந்தார்கள் என்பதுதான். கல்லூரியை மூடப் போனபோது கேட்டார்கள். சம்மன் ஆங்கிலத்தில் வந்தபோது கேட்டார்கள். விடுதியைப் பூட்டப் போனபோது கேட்டார்கள். தங்கள் காசு விழுந்த இடம் என்ற உரிமை அந்தக் கேள்விகளில் இருந்தது.

1939-ல் ஏழு பிள்ளைகளோடு ஆரம்பித்த அந்தப் பள்ளி இன்றும் ஊரில் நடக்கிறது. அதில் இப்போது நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அதைப் பார்த்துத் தொடங்கிய வெல்ஷ் வழிப் பள்ளிகள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காலை மணி அடித்ததும் அங்கே வருகைப் பதிவு முதல் வாய்ப்பாடு வரை எல்லாம் வெல்ஷில்தான். வெல்ஷ் பேசியதற்காக அங்கே எந்தப் பிள்ளையும் அடி வாங்குவதில்லை.